தேனிச் சாலை கடலில் முடிகிறது

தேனி நேரு சிலை அருகே மதுரை பேருந்துக்கு நிற்பவர்கள் அந்தச் சாலையின் மறுமுனை எங்கே என்று யோசிப்பதில்லை. மதுரைக்குப் போக வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கொச்சியில் புறப்பட்டு, மூணாறு ஏறி, போடிமெட்டில் வளைந்து வளைந்து இறங்கி, போடி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று ஓடும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மதுரையோடு நின்றுவிடுவதில்லை. சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை எல்லாம் கடந்து தொண்டியில் கடலைக் கண்ட பிறகுதான் நிற்கிறது. ஏலக்காய் மணக்கும் மலையைத் தாண்டி வந்த சாலைக்கு, கருவாடு மணக்கும் கரையில் முடிவு.

அந்தத் தொண்டியிலும், அதை ஒட்டிய நம்புதாளை, சோழியக்குடி, புதுக்குடி போன்ற மீனவர் ஊர்களிலும் கோயில் விழாவோடு சேர்த்து ஒரு போட்டி நடத்துவார்கள்: பாய்மரப் படகுப் போட்டி. என்ஜின் கூடாது. காற்று, பாய், கயிறு, ஆறேழு பேரின் கைகால், இவை மட்டும்தான். ராமநாதபுரம் மாவட்டத்துக் கரை ஊர்களிலிருந்தும், வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கரைகளிலிருந்தும் படகுகள் வந்து சேரும். முளைப்பாரிக்கும் அன்னதானத்துக்கும் வந்த கூட்டம் அப்படியே கரைக்கு நகரும். பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். ரொக்கப் பரிசு உண்டு. ஆனால் பரிசுப் பணத்தைவிட ஊர்ப் பெயர்தான் கரையில் அதிகம் பேசப்படும்.

கம்பம் பள்ளத்தாக்கில் படகுப் போட்டி என்றாலே கேரளத்து வள்ளங்களிதான் நினைவுக்கு வரும். குமுளி ஏறினால் கேரளம், ஆகஸ்ட் வந்தால் ஆலப்புழை புன்னமடைக் காயலில் நேரு கோப்பை. 1952இல் நேரு ஆலப்புழைப் பக்கம் வந்து பார்த்து மகிழ்ந்ததிலிருந்து பெயர் பெற்ற போட்டி அது. நூறு பேருக்கு மேல் ஒரே தாளத்தில் துடுப்புப் போடும் சுண்டன் வள்ளங்களைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் குறைவு. தொண்டிக் கரையின் போட்டி அதற்கு முற்றிலும் வேறு. வள்ளங்களியில் தோள்வலுவும் தாளமும் வென்று தரும்; தண்ணீர் அசையாமல் கிடக்கும். இங்கே தோள்வலு இரண்டாம்பட்சம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை முதலில் கண்டுபிடிப்பவன் ஜெயிப்பான்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேனிக்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். சித்திரை வெயில் தணிந்ததும் மேற்கு மலைகளின் இடுக்கு வழியாகப் புழுதியை வாரிக்கொண்டு இறங்குமே, அந்தக் காற்றுதான். தமிழ்நாட்டில் காற்றாலைக்கு ஏற்றவை என்று நான்கு கணவாய்களைச் சொல்வார்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில் என்றால் இவை அதன் சாளரங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மதிலில் மோதி மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, ஈரம் இழந்த வேகத்தோடு இந்தச் சாளரங்களில் நுழைகிறது. அகலமான ஆறு குறுகிய மதகில் புகும்போது வேகம் பிடிப்பது போலத்தான். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை ஓயாமல் சுழல்வது இதனால்தான். பள்ளத்தாக்கில் வாழை வைத்தவர் இந்த மாதங்களில் மரத்துக்கு முட்டுக் கொடுப்பார். ஆடி மாதம் அம்மியே பறக்கும் என்று ஊரே சொல்லும்.

அதே பருவத்தில், மேற்கிலிருந்து நிலம் கடந்து வரும் காற்று தொண்டிக் கரையில் கடலுக்குள் இறங்குகிறது. அங்கே அதற்குப் பெயர் வேறு: கச்சான். நிலத்தில் வாழ்பவனுக்குக் காற்று என்றால் ஒரு காற்று. கடலில் வாழ்பவனுக்கு அது ஒரு குடும்பம்: மேற்கிலிருந்து வருவது கச்சான், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம். ஊருக்கு ஊர் இந்தப் பெயர்களின் திசை கொஞ்சம் முன்பின் சாயும், ஆனால் சொற்கள் இலங்கையின் வடகரை வரை இவையேதான். வாடையையும் கொண்டலையும் சங்கப் பாடல்கள் வழியாகப் படித்தவர்களும் அறிவார்கள். கச்சான் பள்ளிப் பாடத்தில் வராத பெயர். மீன் பிடிப்பவன் வாயிலேயே தங்கிவிட்டது.

தொண்டிக் கரை கிழக்கு நோக்கியது. ஆக, கச்சான் அடிக்கும்போது காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அலை எழும்ப வேண்டுமானால் காற்று நெடுந்தூரம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். கரையிலிருந்தே புறப்படும் காற்றுக்கு அந்தத் தூரம் கிடைப்பதில்லை. எனவே காற்று பலமாக இருக்கும், கரையோரக் கடலோ குளம்போல் கிடக்கும். பாய்மரத்துக்கு இதைவிட நல்ல களம் அமையாது.

கடலின் குணமும் ஒரு காரணம். ராமேசுவரம் தீவுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். தெற்கே அலை சீறும், ஆழம் சட்டென்று விழும். வடக்கே ஆழமே இல்லை. நெடுந்தூரம் நடந்து போகலாம் என்று தோன்றும் அளவுக்குப் பல இடங்களில் தண்ணீர் மெலிந்தது. அடியில் கடற்புல் படுகைகள். அந்தப் புல்லை மேய ஆவுளியா என்ற கடற்பசு வரும். அதைக் காக்கத்தான் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பால்க் என்பவரின் பெயர்தான் இந்த விரிகுடாவுக்கு ஒட்டிக்கொண்டது. பெண் கடல் என்ற பெயர் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

ஆழமில்லாத கடலுக்கு ஆழமில்லாத படகு வேண்டும். பாக் விரிகுடாவின் பதில், வத்தை.

சென்னைப் பக்கத்துக் கட்டுமரத்தையோ மசூலாவையோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு வத்தை கொஞ்சம் விநோதமாகத் தெரியும். அடி தட்டை. பக்கங்கள் உருண்டு வளையாமல் நிமிர்ந்து எழும். நடுவில் குறுக்காக வெட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு பெட்டி. முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். வற்றினால் சேற்றில் சாயாமல் அமரும். 1990களில் பிரிட்டனைச் சேர்ந்த கடல்சார் தொல்லியல் ஆய்வாளர்கள் சிலர் தமிழகக் கரையில் இந்தப் படகைத் தேடி வந்தார்கள். ஷான் மெக்கிரெயில், லூசி புளூ முதலியோர். 2003இல் வெளியான ‘போட்ஸ் ஆஃப் சவுத் ஏசியா’ என்ற அவர்கள் நூலில் வத்தைக்குத் தனி இடம் உண்டு. காரணம், அதைக் கட்டும் முறை. இந்தியப் பெருங்கடல் ஓரத்துப் பழைய படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து உடலைக் கட்டுவார்கள். உள்ளே வளைகால்களைப் பிறகு பொருத்துவார்கள். வத்தைத் தச்சர் தலைகீழாகச் செய்கிறார். முதலில் எலும்புக்கூடு, பிறகுதான் தோல். ஒவ்வொரு எலும்பும் எவ்வளவு விரிய வேண்டும், எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதற்குக் கோடு கீறிய ஒரு பலகை. அந்தக் கோடுகளுக்கு இடையே தலைமுறைகளாக வரும் கணக்கு. காகிதத்தில் வரைபடம் கிடையாது. மத்தியதரைக் கடல் தச்சர்கள் நூற்றாண்டுகளுக்கு முன் கையாண்ட முறைக்கு இது மிக நெருக்கமாக இருப்பதைக் கண்டு அந்த ஆய்வாளர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அதிராம்பட்டினத்துத் தச்சருக்கு அது ஆச்சரியமில்லை. அப்பா செய்தார், மகனும் செய்கிறார்.

தட்டையான அடிக்கு ஒரு குறை உண்டு. ஆழமாக இறங்கும் அடிமரம் இல்லாததால் பக்கவாட்டுக் காற்றில் படகு நண்டுபோல் ஒதுங்கும். அதற்கு மருந்தாக, படகின் விலாவை ஒட்டி ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். அது நீரைப் பிடித்துக்கொண்டு படகை வழுக்க விடாது. ஆழமில்லாத இடம் வந்தால் தூக்கிக்கொள்ளலாம். எளிய கருவிதான், ஆனால் இது இல்லாமல் வத்தையால் காற்றை எதிர்த்து ஒரு முழம்கூட முன்னேற முடியாது.

இன்னொரு பலகையும் உண்டு. கரையில் நிற்கும் கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். படகின் குறுக்கே போட்டு, காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டிய பலகை. காற்று பாயை அழுத்தினால் படகு ஒரு பக்கம் சாயும். மிஞ்சினால் கவிழும். சாய்வைச் சரிக்கட்ட, ஆட்கள் அந்தப் பலகையில் நடந்து கடலுக்கு மேலே வந்து நிற்பார்கள். காற்று கூடக்கூட ஒவ்வொருவராகப் பலகையின் நுனியை நோக்கிப் போவார்கள். காற்று விட்டால் உடனே உள்ளே வர வேண்டும். தாமதித்தால் படகு மறுபக்கம் சாய்ந்து, நின்றவர் தண்ணீரில் இருப்பார். பாயில் சின்னச் சுருக்கம் விழுவதைக் கண்டு, கன்னத்தில் காற்றின் சூட்டை வைத்து, முன்னால் தண்ணீரின் நிறம் கறுப்பதைப் பார்த்து இதைக் கணிக்கிறார்கள். பலமான காற்று வருமுன் நீரின் மேல் கறுத்த சுருள்கள் ஓடி வரும். அதைக் காணாதவன் பலகையில் நிற்கத் தகுதியில்லை.

போட்டியின் சுற்று எளிது. கரையிலிருந்து புறப்பட்டு, சில கடல் மைல் தூரத்தில் அடையாளமாக நிறுத்தியதைச் சுற்றித் திரும்பிக் கரைக்கு வர வேண்டும். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். கச்சான் காலத்தில் போவது சொகுசு. காற்று முதுகைத் தள்ளும், பாய் வயிறு புடைக்கும், படகுகள் ஏறக்குறைய வரிசையாகப் பறக்கும். பார்க்க அழகாக இருக்கும், புகைப்படக்காரர்கள் எடுப்பதும் இந்தக் காட்சியைத்தான். ஆனால் போட்டி இன்னும் தொடங்கவே இல்லை.

அடையாளத்தைச் சுற்றியதும் காற்று எதிரே நிற்கிறது. எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரமும் நேராகப் போகாது. ஆனால் சாய்வாகப் போகும். பாயை ஒரு கோணத்தில் இறுக்கிப் பிடித்தால் அது பறவையின் இறக்கைபோல் வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் காற்று வேகமாக ஓடி அழுத்தம் குறைகிறது, உட்பக்கம் அழுத்தம் மிகுகிறது. விமானத்தைத் தூக்கும் அதே விசை படகை முன்னால் இழுக்கிறது. பக்கவாட்டில் தள்ளும் மிச்சத்தை விலாப் பலகை தடுக்கிறது. எதிர்க்காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து கொஞ்ச தூரம் வலப்பக்கம், பிறகு திருப்பிக் கொஞ்ச தூரம் இடப்பக்கம். போடிமெட்டுச் சாலை மலை ஏறுவது போலத்தான்: நேராக ஏற முடியாத உயரத்தை வளைந்து வளைந்து ஏறுவது.

ஒவ்வொரு திருப்பத்திலும் நேரம் போகிறது. வத்தையில் முக்கோணப் பாய் நீண்ட சாய்ந்த கழியில் தொங்கும். அந்தக் கழிக்குப் பருமல் என்று பெயர். திசை மாறும்போது பருமலையும் பாயையும் பாய்மரத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பலகையை எடுத்து எதிர்ப்பக்கம் நீட்ட வேண்டும், ஆட்களும் இடம் மாற வேண்டும். இத்தனையும் சில நொடிகளில், பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது. இதில் ஒருவன் கயிற்றைத் தவறவிட்டால் முன்னால் போன படகு பின்னால் வந்துவிடும். எத்தனை முறை திருப்புவது, எங்கே திருப்புவது என்பதைச் சுக்கான் பிடித்திருப்பவர் முடிவு செய்கிறார். அடிக்கடி திருப்பினால் வேகம் போகும். திருப்பாமலே போனால் காற்று திசை மாறும்போது தூரத்தில் மாட்டிக்கொள்வார். கரையில் இருக்கும் பெரியவர்கள் இந்த இடத்தில்தான் சத்தம் போடத் தொடங்குவார்கள். ஒரு கடல் மைல் தள்ளி இருப்பவருக்கு அது கேட்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

பாய்க்கும் ஒரு கதை உண்டு. படுக்கும் பாயும் படகின் பாயும் தமிழில் ஒரே சொல்தான். பின்னிய ஓலையும் கோரையும் ஒரு காலத்தில் இரண்டுக்கும் பொது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. பின்னாளில் பருத்தித் துணி வந்தது. பருத்திப் பாயில் தண்ணீர் தெளித்தால் நூல் உப்பி இடைவெளி அடைபடும், காற்று ஒழுகாது. இது உலகத்துப் பாய்மரக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த உத்தி. இப்போது பல இடங்களில் தார்ப்பாயும் செயற்கை நூல் துணியும்தான். ஒரு பக்கம் உரக் கம்பெனியின் எழுத்து தலைகீழாகத் தெரிந்தாலும் காற்றுக்கு அதில் பேதமில்லை.

குறுக்குப் பலகையில் ஆள் நின்று படகைச் சாயாமல் பிடிக்கும் வித்தை தொண்டிக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்தால், பஹாமாஸ் தீவுக்காரர்கள் மறுப்பார்கள். அட்லாண்டிக்கில் எக்சுமா தீவின் ஜார்ஜ் டவுனில் 1954 முதல் ஆண்டுதோறும் ஒரு பாய்மரப் போட்டி நடக்கிறது. மீன் பிடித்தும் சரக்கு ஏற்றியும் வந்த மரப் படகுகள் என்ஜின் வந்ததும் மறைந்துவிடும் என்ற பயத்தில் தொடங்கியது. அந்தப் படகுகளிலும் அதே போல வெளியே நீட்டிய பலகை. அதில் அதே போல வரிசையாக உட்கார்ந்த ஆட்கள். தொண்டிக்காரர் எக்சுமாவைக் கண்டதில்லை, எக்சுமாக்காரர் தொண்டியைக் கேட்டதில்லை. ஒரே சிக்கல், ஒரே விடை. துபாயில் 1991இல் தொடங்கிய ‘அல் கஃபால்’ போட்டி வேறு வகை. சர் பு நாயர் என்ற தீவிலிருந்து துபாய்க் கரை வரை 50 கடல் மைலுக்கு மேல், 60 அடி நீளத் தோவ் படகுகள். முத்துக் குளிக்கப் போனவர்கள் பருவம் முடிந்து வீடு திரும்பும் பயணத்தை நினைவூட்டுவது அது. அங்கே அரச குடும்பத்தின் ஆதரவும் பெரும் பரிசுகளும் உண்டு. தொண்டிப் பக்கம் கோயில் கமிட்டியும் ஊர் வசூலும்தான்.

சாலையும் காற்றும் மட்டுமல்ல, தேனியிலிருந்து இந்தக் கடலுக்குப் போகும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது வைகை. வருசநாட்டு மலையில் பிறந்து, ஆண்டிபட்டி அருகே 1959இல் திறக்கப்பட்ட அணையில் தேங்கி, மதுரையைக் கடந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவில் சேர்கிறது. பல ஆண்டுகள் மிச்சம் இருப்பதில்லை. சுருளியும் பெரியாற்றுத் தண்ணீரும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்குப் பாய்ந்த பின் இதே வைகையில்தான் சேர்கின்றன.

இந்த ஆற்றின் இரு முனையிலும் தமிழகத் தொல்லியலின் இரண்டு முக்கியமான பொருள்கள் கிடைத்திருக்கின்றன. மேல்முனையில், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள். இந்தியாவிலேயே எழுத்துள்ள மிகப் பழைய நடுகற்களில் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு எடுத்தது. கீழ்முனையில், வைகை கடலில் சேரும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த ஒரு பானை ஓடு. அதில் ஒரு பாய்மரக் கப்பலின் கீறல் ஓவியம். ரோமானியர் காலத்துப் பெரிய கப்பலைப் பார்த்து யாரோ கீறியது என்று கப்பல் வரலாற்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மேல்முனையில் மாடு, கீழ்முனையில் பாய். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் வைகையின் இரு முனைகளில் எதை வைத்துப் பந்தயம் கட்டுகிறார்கள் என்று பார்த்தால், பட்டியல் மாறவில்லை.

ஏனென்றால் கம்பம் பள்ளத்தாக்கின் பந்தயம் மாட்டு வண்டிதான். கம்பம், கூடலூர், சின்னமனூர்ப் பக்கம் விழாவுக்கும் தலைவர் பிறந்த நாளுக்கும் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம் வைப்பார்கள். மாட்டின் வயதையும் உயரத்தையும் வைத்துத் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரிவுகள். இந்தப் பெயர்களைக் கண்டுபிடித்தவர் கவிஞராக இருந்திருக்க வேண்டும். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது, 2017இல் மாநிலம் சட்டம் திருத்தியது, 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. இந்தக் கதை ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆனால் அந்த வழக்குகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு, சரக்குக்கு மினி லாரி வந்த பிறகு, ஒரு ஜோடி காளையை வீட்டில் வைத்திருக்க எந்தப் பொருளாதாரக் காரணமும் மிச்சமில்லை. பந்தயம்தான் மிச்சம். கடலிலும் இதே கணக்குதான். 1960களுக்குப் பிறகு விசைப்படகு வந்தது. பிறகு நாட்டுப் படகிலேயே என்ஜின் ஏறியது. 2004 சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் பைபர் படகுகள் கரைகளை நிறைத்தன. பாய் விரித்துத் தொழிலுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், டீசல் விலையும் கடற்புல்லில் சிக்கும் விசிறியும் அவர்களுக்குத் துணை. என்றாலும் இருபது வயது இளைஞன் பருமல் மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அவனுக்கு இன்று இருக்கும் பெரிய தூண்டுதல் அடுத்த விழாப் போட்டிதான். வேலையாக இருந்தபோது யாரும் கைதட்டாத திறமைக்கு, வேலை போன பிறகு கைதட்டல் கிடைக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று வாதிடலாம். ஆனால் கைதட்டலும் இல்லையென்றால் அந்தத் திறமை ஒரு தலைமுறையில் கரையைவிட்டுப் போய்விடும் என்பதில் வாதமில்லை. வத்தைக்குக் கோடு கீறும் பலகை எந்தப் பாலிடெக்னிக்கிலும் பாடமில்லை.

இந்தத் திறமை ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் போனது என்பதற்குக் கடலின் மறுகரையில் ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் ஊர்த் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தண்டையல் என்னும் கப்பல் தலைவரும் மாலுமிகளும் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோசெஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். இரண்டு பெருங்கடல் தாண்டிய பயணம். காற்றை ஏவல் கொள்ளும் பெருமை அதற்கும் பழையது. கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், அவன் முன்னோர் காற்றை வேலைக்கு வைத்துக் கப்பல் ஓட்டியதைச் சொல்லித்தான் தொடங்குகிறார். புறநானூற்றின் 66ஆம் பாடல் அது.

தமிழ்நாட்டில் பாய்மரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சென்னையில் 1911இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் இயங்குகிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியிலும் 2024இல் பாரிசிலும் கலந்துகொண்டார். சென்னையின் கே.சி.கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார்கள். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ஹாங்சோவ் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்றார். அவர்கள் ஓட்டும் படகு வேறு, விலை வேறு, பயிற்சிக்குப் போகும் நாடுகள் வேறு. ஆனால் அந்தப் படகுகளிலும் காற்று வரும் பக்கம் உடலை வெளியே சாய்த்துத்தான் தொங்க வேண்டும். எதிர்க்காற்றில் அதே வளைவுகள்தான். தொண்டிப் பக்கத்துப் பையன் பத்து வயதில் அப்பாவோடு போய்க் கற்றதும், சென்னைத் துறைமுகத்தில் பயிற்சியாளர் விசில் ஊதிக் கற்றுக்கொடுப்பதும் ஒரே பாடம். இரண்டு பள்ளிகளும் இதுவரை பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் உறுத்துகிறது. மீனவக் கிராமத்துப் பிள்ளை ஒருவருக்கு ஒரு நல்ல போட்டிப் படகைக் கொடுத்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்ற கேள்வி விளையாட்டுத் துறை அலுவலகங்களில் எழ வேண்டிய கேள்வி.

தேனியிலிருந்து பார்க்கப் போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். இந்தப் போட்டிகளுக்கு நேரு கோப்பை போல நிரந்தரத் தேதி கிடையாது. அந்தந்த ஊர்க் கோயில் விழாவை ஒட்டி வரும். சுவரொட்டியும் உள்ளூர் நாளிதழின் மாவட்டப் பக்கமும்தான் அறிவிப்பு. தேனியிலிருந்து மதுரை போய், அங்கிருந்து தொண்டிக்குப் பேருந்து ஏறலாம். சொந்த வண்டி என்றால் வழி கேட்கவே வேண்டாம், 85ஆம் எண் கல்லைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். தொப்பி வேண்டும். கடற்கரையில் நிழல் குறைவு. படகுகள் தூரம் போன பிறகு வெறும் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அது இல்லாதவர்கள் அனுபவம் உள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றுகொள்வது நல்லது. எந்தப் பாய் எந்த ஊருடையது, யார் இப்போது திருப்புகிறார், யார் திருப்பாமல் தவறு செய்கிறார் என்று அவரே சொல்லிக்கொண்டு வருவார்.

புள்ளிகள் மெல்லப் பெரிதாகும். ஒன்று தெற்கே ஒதுங்கியிருக்கும், இன்னொன்று வடக்கே. எது முன்னால் என்று கடைசி வரை சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டும் கரையை நோக்கி வரவில்லை, கரைக்குச் சாய்வாக எங்கோ போய்க்கொண்டிருக்கின்றன. பிறகு ஒரு படகு பருமலை மாற்றும். பாய் ஒரு நொடி சுருங்கி மறுபக்கம் புடைக்கும். பலகையில் நான்கு பேர் கடலுக்கு மேலே நிற்பது இப்போது கரைக்குத் தெரியும். அவர்கள் முகத்தில் அடிக்கும் காற்று, போடியில் யாரோ ஒருவர் கொடியில் காயப்போட்ட வேட்டியையும் அந்நேரம் பறக்கடித்துக்கொண்டிருக்கும்.